மீதிங்க்ஸ் கொச்சை இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பக்கத்தில், 'மீதிங்க்ஸ்' (methinks) என்கிற பழைய ஆங்கிலச் சொல் 'ஐ திங்க்' என்று சொல்லத் தெரியாத அந்தக் காலத்துப் பாமரர்களின் கொச்சை என்று ஒரு வரி வந்திருந்தது. காபி ஆறியதுகூடத் தெரியாமல் அந்த வரியையே மூன்று தடவை படித்தேன். "தி லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ்" என்று ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட்டின் தாயார் சொல்கிறார். டென்மார்க் ராணியும் பாமரர்தானோ? 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் (இரண்டாம் சாமுவேல் 18:27) காவற்காரன் 'மீ திங்கெத்' என்கிறான். அந்த மொழிபெயர்ப்புக்காக ஜேம்ஸ் மன்னர் கூட்டிவைத்த அத்தனை பண்டிதர்களுக்கும் இலக்கணம் தெரியாது போலிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கிட்டத்தட்ட 'தென்ச்சன்' என்று ஒலித்தது நினைப்பதற்கு, 'தின்ச்சன்' என்று ஒலித்தது தோன்றுவதற்கு. ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே 'திங்க்' ஆகிவிட்டன. மீதிங்க்ஸில் ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது. அங்கே 'மீ' என்றால் 'என்னை' இல்லை, 'எனக்கு'. எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். தமிழ் பேசுகிறவனுக்கு இதில் என்ன கஷ்டம்? 31 வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தியவன் நான். கரும்பலகையில் 'எனக்குத் தோன்றுகிறது' என்று எழுதிவிட்டு, இதில் 'நான்' எங்கே என்று கேட்பேன். ஒரு தடவை கடைசி பெஞ்சில் அரைத் தூக்கத்தில் இருந்த பையன் எழுந்து, "நாலாம் வேற்றுமை சார், அப்போ மீன்னா எனக்கு" என்றான். உங்கள் கட்டுரையாளர் அந்த பெஞ்சில் ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம்.

இது முதல் தடவையும் இல்லை. போன வருஷம், 'சொன்னான்' என்று பொருள்படும் 'க்வோத்' (quoth) என்பதுதான் மேற்கோள் காட்டுவதைச் சொல்கிற 'க்வோட்' (quote) ஆயிற்று என்று போட்டீர்கள். க்வோத் பழைய ஆங்கிலம், க்வோட் லத்தீன் வழி வந்தது. முகச்சாடை ஒத்துப்போனால் பங்காளி ஆகிவிடுமா? உயில் எழுதிவைப்பதைச் சொல்கிற 'பிக்வீத்' (bequeath)தான் க்வோத்தின் நிஜமான சொந்தம். அப்போதே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் அட்டைப்படத்தைப் பாராட்டியிருந்த நான்கு வரி மட்டும், இனிஷியல் தப்பாக, அச்சில் வந்தது.

சரி, அடுத்த இதழில் ஒரே ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும், மூலையில் சின்ன எழுத்தில் என்றாலும் பரவாயில்லை. இந்தத் தடவை அட்டைப்படத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்