அந்த "வட்டாரங்கள்" யாருன்னு சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் தாராவி 90 அடி ரோட்டுல இருக்கேன், சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம், மும்பை வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஃபோர்ட் ஏரியாவுல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். எம் பையன் "எல்லாம் போன்லயே வருதே, எதுக்குப்பா தினம் காசு குடுத்து வாங்குற"ன்னு கேப்பான், ஆனா கையில பேப்பர் இல்லேன்னா எனக்கு காலைல டீ எறங்காது, அதனால உங்களுக்கு எழுதற உரிமை எனக்கு இருக்குன்னு நெனச்சிக்கிட்டு எழுதறேன்.

போன வாரம் இதே பகுதியில வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தாரு, சண்டை நேரத்துல கேள்வி கேக்கறவன் துரோகி, நமக்குத் தெரியாத ஆயிரம் விஷயம் கவர்மெண்டுக்குத் தெரியும், அதனால வாய மூடிட்டு கூட நிக்கணும்னு. அவரு மேல எனக்கு கோவம் இல்லீங்க, நானும் ஒரு காலத்துல அதே மாதிரி பேசினவன்தான். ஆனா அதே நாள் பேப்பர்ல, உலகத்துல எங்கயோ நடக்கற சண்டைய பத்தின ஒரே ஒரு செய்தியில, "அதிகாரபூர்வ வட்டாரங்கள் தெரிவித்தன"ன்னு நாலு எடத்துல போட்டிருந்தீங்க, பேனா வச்சு எண்ணினேன். வட்டாரம்னா எந்த வட்டாரம் ஐயா? எங்க சால்ல, அதான் நாங்க இருக்கற வரிசை வீட்டுல, தண்ணி வரலேன்னாகூட யாரு பைப்ப அடைச்சாங்கன்னு பேரோட சொல்லுவோம். நாலு வட்டாரமும் ஒரே ஆளா இருந்தா எங்களுக்கு எப்படி தெரியும்?

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துதுன்னா, 1990 கதைய சொல்லணும். எங்க அக்கா வீட்டுக்காரரு, அத்தான், அப்போ குவைத்துல டிரைவரா இருந்தாரு. ஆகஸ்ட் 2ம் தேதி ஈராக் அதிபர் சதாம் உசேன் படை உள்ள பூந்துச்சு. அக்கா ஊர்ல, நாங்க இங்க, ஒரு மாசத்துக்கு மேல போன் இல்ல, லெட்டர் இல்ல. அப்புறம் ஏர் இந்தியா ஜோர்டான் தலைநகரம் அம்மான்ல இருந்து ஆளுங்கள கூட்டிட்டு வர ஆரம்பிச்சுது, மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரு பக்கம் அப்படி வந்தாங்க, பெரும்பாலும் நம்ம பம்பாய்லதான் எறங்கினாங்க. நான் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு சகார் ஏர்போர்ட் வாசல்ல மூணு நாள் நின்னேன். மூணாவது நாள் ராத்திரி அத்தான் வந்தாரு, கையில ஒரு பை, தாடி, பாதி ஆளா எளைச்சு. பாக்தாத் வழியா பஸ்சுல வந்து, ஜோர்டான் பாலைவனத்துல டென்டுல கெடந்து வந்திருக்காரு. சேத்து வச்ச தினாரு நோட்டு பாக்கெட்ல இருந்துச்சு, மாத்தறதுக்கு ஆளே இல்ல.

அவரு வந்து சேந்த கொஞ்ச நாள்ல அமெரிக்காவுல ஒரு பொண்ணு, 15 வயசு, நயீரான்னு பேரு மட்டும் சொன்னாங்க, அக்டோபர் 10ம் தேதி அங்க எம்.பி.ங்க நடத்தின ஒரு கூட்டத்துல அழுதுகிட்டே சொல்லுச்சு, ஈராக் சிப்பாய்ங்க ஆஸ்பத்திரிக்குள்ள வந்து இன்குபேட்டர்ல, அதான் குறை மாச குழந்தைங்கள வைக்கற பெட்டியில, இருந்த குழந்தைங்கள வெளிய எடுத்து தரையில போட்டு சாக விட்டாங்கன்னு. அப்போ அமெரிக்க ஜனாதிபதியா இருந்த பெரிய புஷ்ஷு அதை மேடைக்கு மேடை சொன்னாரு. ஆம்னெஸ்டிங்கற மனித உரிமை அமைப்பு கூட 312 குழந்தைன்னு அறிக்கை விட்டுச்சு. நான் அதை சென்ட்ரல் லைன் லோக்கல்ல சயான்ல இருந்து வி.டி. போறதுக்குள்ள நாலு பேருக்கு சொல்லிருவேன், ஒவ்வொரு நாளும் நான் சொல்றப்ப குழந்தை எண்ணிக்கை கொஞ்சம் ஏறும், பொய் சொல்லணும்னு இல்ல, ஆத்திரத்துல ஏறும். வீட்ல அத்தான்கிட்டயும் "அப்படியா நடந்துச்சு, பாத்தீங்களா"ன்னு கேட்டேன். அவரு சோத்துல இருந்து தலைய தூக்காம சொன்னாரு, "மாப்ள, கடைய ஒடச்சாங்க, பாத்தேன். எங்க மொதலாளி கார புடுங்கிட்டு போனாங்க, பாத்தேன். ஆஸ்பத்திரி பக்கம் நான் போகல, போகாததை என்கிட்ட கேக்காத." அன்னைக்கு எனக்கு அவரு மேல எரிச்சல்தான் வந்துச்சு, இவ்வளவு பட்டும் இந்த மனுசனுக்கு ரோசம் வரலியேன்னு.

1992ல வெளிய வந்துச்சு, அந்த பொண்ணு வாஷிங்டன்ல இருந்த குவைத் தூதரோட சொந்த மக. பேச வச்சு ஏற்பாடு பண்ணினது ஹில் அண்ட் நோல்டன்னு ஒரு பி.ஆர். கம்பெனி, அதாவது காசு வாங்கிட்டு பிரச்சாரம் பண்ணிக் குடுக்கறவங்க, குவைத் ஆளுங்க காசுல. ஆம்னெஸ்டி அதுக்கு முன்னாடியே தன் பேச்ச வாபஸ் வாங்கிடுச்சு. ஆனா 1991 ஜனவரியில அமெரிக்க மேல்சபை செனட்ல சண்டைக்கு ஓட்டு போட்டப்ப 52க்கு 47, அவ்வளவு நெருக்கம், அந்த விவாதத்துல இந்த இன்குபேட்டர் கதையும் பேசப்பட்டுச்சு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியாதது என்னன்னா, சதாம் குவைத்த புடிச்சது நெசம், எங்க அத்தான் அனுபவிச்சது நெசம், பொய்யே தேவையில்லாத எடத்துல எதுக்கு பொய்ய கலந்தாங்க? சுத்தமான பால்ல தண்ணி ஊத்தற மாதிரி.

அடுத்த தடவ பாலே இல்ல, வெறும் தண்ணி. 2003 பிப்ரவரி 5ம் தேதி அமெரிக்க வெளியுறவு மந்திரி காலின் பவல் ஐ.நா.வுல உக்காந்து ஒரு சின்ன குப்பிய தூக்கி காட்டினத நீங்களும் படம் போட்டிருப்பீங்க. கெமிக்கல், கிருமி ஆயுதமெல்லாம் சதாம்கிட்ட இருக்கு, அணுகுண்டுக்கும் முயற்சி பண்றான்னாங்க. ஐ.நா. ஆயுத சோதனை தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸோட ஆளுங்க அங்கயே தேடிகிட்டு இருந்தாங்க, இன்னும் கொஞ்ச மாசம் குடுங்கன்னு கேட்டாங்க, குடுக்கல, மார்ச் 20 குண்டு விழுந்துச்சு. 2004ல அமெரிக்கா அனுப்பின ஆளுங்களே தேடி முடிச்சுட்டு, சொன்ன மாதிரி கையிருப்பு எதுவும் இல்லன்னு ரிப்போர்ட் குடுத்தாங்க. பிரிட்டன்ல 45 நிமிசத்துல ஏவிருவான்னு பயமுறுத்தினாங்க, அந்த லட்சணத்த விசாரிக்க 2009ல கமிட்டி போட்டு 2016 ஜூலையிலதான் சில்காட் ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்குள்ள செத்தவன் செத்துட்டான், பதவில இருந்தவங்க ரிட்டயர் ஆகி புக்கு எழுதிட்டாங்க.

இதுல பேப்பர்காரங்க பங்கு என்னன்னு சொல்லத்தான் நான் வந்தேன், கதைல போயிட்டேன், மன்னிக்கணும். 2002 செப்டம்பர் 8ம் தேதி நியூயார்க் டைம்ஸ் மொத பக்கத்துல ஒரு செய்தி, சதாம் அலுமினிய குழாய் வாங்க பாக்கறான், அது அணுகுண்டுக்குத்தான்னு பேர் சொல்லாத அதிகாரிங்க சொன்னாங்கன்னு. அன்னைக்கே துணை ஜனாதிபதி டிக் செனி டி.வி.ல உக்காந்து, இது நான் சொல்றது இல்ல, இன்னைக்கு பேப்பர்லயே வந்திருக்கு பாருங்கங்கற மாதிரி பேசினாரு. தகவல் போனது அவங்க சைடுல இருந்து, ஆதாரமா திரும்பி வந்ததும் அவங்க கைக்கே. நாமளே வவுச்சர் எழுதி நாமளே கையெழுத்து போட்டு அதையே காட்டி பணம் எடுக்கறதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு பேரு உண்டு, இங்க எழுதினா நீங்க அச்சடிக்க மாட்டீங்க. அந்த குழாய் சாதா ராக்கெட்டுக்குத்தான்னு ஐ.நா. அணுசக்தி ஆளுங்க சண்டைக்கு முன்னாடியே சொன்னாங்க, கேக்க ஆளில்ல. 2004 மே மாசம் அந்த பேப்பரு, நாங்க இன்னும் கறாரா இருந்திருக்கணும்னு ஒத்துகிட்டு ஒரு குறிப்பு போட்டுச்சு. எந்த பக்கத்துல? 10ம் பக்கத்துல.

சொல்றப்ப இதெல்லாம் வெள்ளக்காரன் ஊரு கதைன்னு தள்ளிராதீங்க. 2009ல முள்ளிவாய்க்கால்ல நடந்ததுக்கு இலங்கை அரசாங்கம் வச்ச பேரு "மனிதாபிமான நடவடிக்கை", ஒரு பொதுஜனத்துக்கும் அடி படக்கூடாதுங்கறதுதான் எங்க கொள்கைன்னாங்க. 2011ல ஐ.நா. நிபுணர் குழு 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு சொல்லுச்சு. அந்த மே மாசம் எங்க தெருவுல டீக்கடை டி.வி. முன்னாடி நின்னவங்க முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஒருத்தரும் பேசல. ரஷ்யாக்காரன் 2022ல உக்ரைனுக்குள்ள போயிட்டு அதை சண்டைன்னு சொல்லாதே, "சிறப்பு ராணுவ நடவடிக்கை"ன்னு சொல்லுன்னான், படைய பத்தி பொய் தகவல் பரப்பினதா அவன் சொன்னா 15 வருஷம் வரைக்கும் ஜெயிலுக்கு சட்டம் போட்டான். பேரை மாத்தறாங்கன்னாலே எனக்கு வயித்துல புளி கரையுது.

அப்போ எந்த கவர்மெண்டையும் நம்பாதேன்னு சொல்றியான்னு அந்த வாசகர் கேப்பாரு. இல்லீங்க. 2008 நவம்பர் 26 ராத்திரி எம் பொண்ணு சி.எஸ்.டி.ல (பழைய வி.டி. ஸ்டேஷன்தான்) இருந்து டிரெயின் ஏறி வந்து இருபது நிமிசம் இருக்கும், டி.வி.ல துப்பாக்கி சத்தம். அந்த ஸ்டேஷன்ல மட்டும் 50 பேருக்கு மேல போனாங்க, மொத்தம் 166. அந்த வாரம் நானும் கத்தினேன், ஏறி அடிக்கணும்னு. ஆனா என்ன நடந்துச்சு? சுட்டவன்ல ஒருத்தன் கசாப்ப உயிரோட புடிச்சாங்க, போன்ல அவனுங்க பேசினத பதிவு பண்ணினத நாமளே கேட்டோம், ஜனவரி 5ம் தேதி ஆதாரத்த கட்டா கட்டி பாகிஸ்தான் கையில குடுத்தாங்க, கோர்ட்டுல வக்கீல் வச்சு கேஸ் நடத்தினாங்க, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2012ல தூக்கு. ரகசியம் ரகசியம்னு மூடாம ஆதாரத்த காட்ட முடியும்னு நம்ம ஊருலயே காட்டியிருக்கோம். கார்கில் சண்டை முடிஞ்ச மூணே நாள்ல, 1999 ஜூலை 29ம் தேதி, கே. சுப்ரமணியம் தலைமையில கமிட்டி போட்டாங்க, நம்ம திருச்சியில பொறந்தவருதான், சில பக்கத்த மறைச்சாலும் ரிப்போர்ட்ட பார்லிமென்டுல வச்சாங்க. அதே சமயம் 1962 சீனா சண்டைய பத்தின ஹெண்டர்சன் புரூக்ஸ் ரிப்போர்ட்ட அறுபது வருஷம் தாண்டியும் அதிகாரபூர்வமா வெளிய விடல, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

அதனால எங்க வேண்டுகோள் உங்ககிட்டதான் ஐயா, கவர்மெண்டுகிட்ட இல்ல, அவங்க என் லெட்டர எங்க படிக்க போறாங்க. சண்டை செய்தி போடறப்ப, இது நிருபர் கண்ணால பாத்தது, இது ராணுவ செய்தித்தொடர்பாளர் சொன்னது, இது நாங்க சரிபாக்கலன்னு தனித்தனியா போடுங்க. பேர் சொல்ல முடியாதவரா இருந்தா ஏன் முடியாதுன்னு ஒரு வரி. அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு அந்த செய்தி பொய்யின்னு தெரிஞ்சா, மொத பக்கத்துல எவ்வளவு எடம் குடுத்தீங்களோ அதே மொத பக்கத்துல அதே எடம் குடுங்க, ஒன்பதாம் பக்கத்துல சித்த மருத்துவ விளம்பரத்துக்கு கீழ வேணாம்.

அத்தான் இப்போ ஊர்ல இருக்காரு, எண்பது ஆகப்போவுது. போன பொங்கலுக்கு போனப்ப, அன்னைக்கு லோக்கல்ல குழந்தை எண்ணிக்கைய ஏத்தி ஏத்தி சொன்னத அவருகிட்ட ஒத்துகிட்டேன். சிரிச்சுட்டு, "எத்தன வரைக்கும் போனே"ன்னு கேட்டாரு. ஐநூறுன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட கால வாசகர்,
தாராவி, மும்பை - 17