நடையைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 1 சிங்கப்பூர் ஆயுதப் படை தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு மறுப்பாக வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அந்தக் காலத்து அணிநடைப் பயிற்றுநர்களுக்குக் கத்த மட்டும்தான் தெரியும் என்கிறார். அவர்களை இன்றும் தேடிப்போய்ப் பார்க்கிற முன்னாள் வீரர்கள் வெறும் பழக்கதோஷத்தில் போகிறார்களாம். 1972 முதல் முப்பத்தொரு ஆண்டுகள் கத்திப் பிழைத்தவன் என்ற முறையில் நானும் நாலு வார்த்தை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கத்தியது உண்மை. எங்கள் வாயிலிருந்து வந்த சில சொற்களை இன்று என் பேத்தியின் முன்னால் சொல்ல மாட்டேன். அதற்கெல்லாம் நியாயம் கற்பிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஆனால் வாசகர் எழுபதுகளின் முகாமைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1967 ஆகஸ்ட்டில்தான் இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையின் முதல் தொகுதியினர் முழுநேரச் சேவைக்குப் போனார்கள். நான் பயிற்றுநரானபோது அந்த ஏற்பாட்டுக்கு இன்னும் பத்து வயதுகூட ஆகவில்லை. எனக்குக் கீழே வந்த பையன்களில் பலருக்கு ஹொக்கியன் என்ற சீனமொழியைத் தவிர வேறு மொழி தெரியாது. கட்டளைகளோ மலாயில். 'செடியா' என்றால் விறைத்து நிற்க வேண்டும், 'செனாங் டிரி' என்றால் தளர்ந்து நிற்க வேண்டும். ஒரு தமிழன் மலாயில் கத்த, சீனப் பையன்கள் அதைக் கேட்டுத் திரும்ப வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் இடப்புறமும் பாதிப் பேர் வலப்புறமும் திரும்பி, முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சிரிப்பை அடக்குவதற்காகவே நான் பலமுறை கத்தியிருக்கிறேன். இரவில் பூட்சுக்குப் பாலிஷ் போடும் நேரத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஹொக்கியன் கற்றுக்கொண்டேன்.

எல்லாத் தொகுதியிலும் ஒருவன் இருப்பான். வலது காலை எடுத்து வைத்தால் வலது கையும் கூடவே போகும். கடைத்தெருவில் ஒழுங்காக நடப்பவன்தான். திடலில், நாற்பது பேருக்கு நடுவில், நடப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் கை கால் கட்டுப்பட்டுவிடும். அவனிடம் கத்தினால் இன்னும் மோசமாகும். இது பயிற்றுநராகி ஓராண்டுக்குள் எவருக்கும் தெரிந்துவிடும். நான் என்ன செய்வேன் என்றால், அவனைத் தனியே கூப்பிட்டு, சமையற்கூடத்துக்குப் போய் எனக்குத் தண்ணீர் வாங்கி வா என்பேன். போவான். பாதித் தூரம் போனதும் பின்னாலிருந்து, "இதேதான், இப்படியே நட" என்று குரல் கொடுப்பேன். ஒரு தொகுதிக்கு இப்படி எத்தனை குவளை தண்ணீர் குடித்தேனோ.

அதில் ஒருவனைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு திருமணம். பெண்ணின் தகப்பனார் மேடையேறுகிறார். வலது காலும் வலது கையும் ஒன்றாகப் போகின்றன. பெயர் நினைவுக்கு வரவில்லை. ஆனால் எந்தத் தொகுதி, எந்த வரிசை என்று தெரிந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் போய், "தண்ணீர் வாங்கி வா" என்றேன். அவ்வளவுதான், மனிதர் இலையை விட்டு எழுந்துவிட்டார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்குப் பயிற்றுநர் நான் ஒருவன். எனக்கு அவர்கள் ஆயிரக்கணக்கில். காப்பிக்கடையில் யாராவது வந்து தோளைத் தொட்டால் பெரும்பாலும் பெயர் தெரிவதில்லை. "சார்ஜண்ட்" என்று கூப்பிட்டால் நான் சார்ஜண்டாக இருந்தபோது வந்தவர், "என்சிக்" என்றால் நான் வாரண்ட் அதிகாரியான பிறகு வந்தவர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடங்குவேன். வாரண்ட் அதிகாரிகளை அந்த மலாய் மரியாதைச் சொல்லால் அழைப்பது நம் படையின் வழக்கம். பேரன் எடுத்தவர்கள்கூட என்னை வேறு எப்படியும் அழைப்பதில்லை.

வாசகரின் குற்றச்சாட்டில் ஒன்று என்னைச் சுட்டது. தமிழ்ப் பையன்களிடம் தமிழ்ப் பயிற்றுநர்கள் கூடுதல் கடுமை காட்டினார்கள் என்கிறார். நான் காட்டினேன். தன் இனத்தானுக்குச் சலுகை கொடுக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். எண்பதுகளில், நீ சூன் முகாமில், ஒரு பையன் பாட்டி இறந்த செய்தி கேட்டு என்னிடம் வந்து தமிழில் விடுப்புக் கேட்டான். முறைப்படி ஆங்கிலத்தில் கேள் என்று திருப்பி அனுப்பினேன். திரும்பி வந்து ஆங்கிலத்தில் கேட்டான், அனுப்பிவைத்தேன். விடுப்பு தாமதமாகவில்லை, பாட்டியின் இறுதிச் சடங்குக்கும் போய்ச் சேர்ந்தான். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஒரு தீபாவளியன்று வீட்டுக்கு வந்தவன், "அன்றைக்கு ஒரு வார்த்தை தமிழில் பேசியிருக்கலாமே, சார்ஜண்ட்" என்றான். என்னிடம் பதில் இல்லை. பலகாரத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்குக்கூட அவன் வராமல் இருந்ததில்லை. இதைப் பழக்கதோஷம் என்று சொல்லலாமா, வாசகரே முடிவு செய்யட்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். பழைய தொகுதியினர் ஆறு பேர் கூடிக் காவல் பணி அட்டவணை போடுவதுபோல் ஒரு தாள் தயாரித்து என் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார்கள். திங்கள் இவர், செவ்வாய் அவர், உடற்பயிற்சி சிகிச்சைக்கு டாக்சியில் அழைத்துப்போவது யார், சாப்பாடு வாங்கி வருவது யார். அறுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். மற்ற ஐவரும் சேர்ந்து அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடுதல் காவல் விதித்தார்கள். நான் மன்னித்துவிடச் சொன்னேன். "உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை, என்சிக்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தப் பையன்களிடம் பிடித்த குணமே அதுதான்.

அதே ஆறு பேரும் நானும் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை தேக்கா உணவங்காடியில் பசியாறுகிறோம். கடிதம் எழுதிய வாசகர் எந்த ஆண்டு, எந்த முகாம் என்று குறிப்பிடவில்லை. அவர் எழுத்தில் இருக்கும் கோபம் ஒரு வகையில் எனக்குப் பழக்கமானதாகத் தெரிகிறது. என்னிடமே பயின்றவராக இருக்கலாம். விருப்பமிருந்தால் அவரும் வரட்டும். பெயர் சொல்ல வேண்டாம், மேசைவரை நடந்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாரண்ட் அதிகாரி,
ஈசூன்