ஆண்டறிக்கை 2024–2025: புலம்பெயர்ந்தோருக்கும் ஏதிலியருக்குமான (அகதிகளுக்குமான) துணைப்பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆச்சிமார், அண்ணன்மார், இளைஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் சங்கத்தின் பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். நூலகம், கண் சிகிச்சை முகாம், பள்ளிப் பரிசளிப்பு ஆகியவை வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த புதிய பொறுப்பாகிய புலம்பெயர்ந்தோர் துணைப்பணியைப் பற்றியே இவ்வறிக்கை விரிவாகப் பேசுகிறது.

இப்பொறுப்பு நம் ஊருக்கு அந்நியமானதன்று. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போய், இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கிட்டங்கிகள் எனப்படும் வணிகக் கூடங்களில் பெட்டியடிப் பையன்களாக (தொழில் பழகும் சிறுவர்களாக)த் தொடங்கிய வாழ்க்கை நம் முன்னோருடையது. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து கால்நடையாக அசாம் எல்லைக்கு வந்தவர்களும், 1960-களில் அங்கே கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பின், சேர்த்த பணத்தையும் நகையையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. காரைக்குடியில் பர்மா காலனி என்ற குடியிருப்பே இருக்கிறது. இன்று இங்கே கட்டட வேலைக்கும் உணவகங்களுக்கும் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் பணிக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வருபவர்களையும், 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் வாழ்பவர்களையும் அக்குடும்பங்களின் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே செயற்குழுவின் கருத்து.

ஜூன் 20, உலக ஏதிலியர் நாளன்று நடந்த ஒன்றுகூடலில் மேடைப் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்கள் மொகிங்கா, அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் உணவுகளைச் செய்தார்கள். முகாமிலிருந்து வந்த பெண்கள் இடியாப்பமும் சொதியும் செய்தார்கள். விருந்து படைப்பவர் நாம், உண்பவர் அவர்கள் என்ற ஏற்பாட்டைத் தவிர்த்தது சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன். அன்று அடுப்படியில் ஏற்பட்ட பழக்கத்தினால்தான், பிறகு நடந்த சட்ட உதவி முகாமுக்குத் தயக்கமின்றி ஆவணங்களை எடுத்துக்கொண்டு மறுவாழ்வு முகாம்களின் குடும்பங்கள் வந்தன.

அந்தச் சட்ட உதவி முகாமே இவ்வாண்டின் முதன்மையான பணி. 1951-ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலியருக்கெனத் தனிச் சட்டமும் இங்கில்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆயினும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டினராயினும், சில விதிவிலக்குகள் நீங்கலாகப் பிறப்பால் இந்தியக் குடிமகனே. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது இந்த விதியைக் கொண்டே. அத்தகைய தாய்க்கோ தந்தைக்கோ 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் அவ்வுரிமை உண்டு. ஆகவே, 1983-க்கும் 1987-க்கும் இடைப்பட்ட அந்த நான்காண்டுக்குள் இங்கே பிறந்த ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றிவிடக்கூடும். வழக்கறிஞர்களாகிய நம் உறுப்பினர்கள் ஊதியம் பெறாமல் அமர்ந்து ஒவ்வொருவர் தாள்களையும் படித்துப் பார்த்தார்கள். பலரிடம் மருத்துவமனைச் சீட்டு இருந்தது, பதிவு இல்லை. தாமதப் பதிவுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும், அதன்பின் அலுவலகத்துக்கு உடன் செல்வதும் தொடர்கின்றன. ஓர் அலுவலகத்தில், முகாமில் இருப்பவருக்குச் சான்றிதழே கிடையாது என்று திருப்பி அனுப்பியபோது, சட்டப் பிரிவை எழுத்தில் காட்டிய பிறகே விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டார்கள். தனியே சென்ற ஏழைப் பெண் அன்றோடு விட்டிருப்பார்.

வடமாநிலத் தொழிலாளர்க்கான முகாமை, அவர்களுக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைத்தோம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாடு சேர்ந்திருப்பதையும், ஆதார் இணைந்த அட்டை இருந்தால் தம் பங்கு அரிசியை இங்குள்ள நியாயவிலைக் கடையிலும், குடும்பத்தின் பங்கை ஊரிலும் பெறலாம் என்பதையும் இந்தியும் ஒடியாவும் அறிந்த மாணவர்கள் விளக்கினார்கள். கட்டடத் தொழிலாளர் நல வாரியப் பதிவுதான் கடினமாயிற்று. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். மேஸ்திரி மாறிக்கொண்டே இருக்கும் இத்தொழிலில் அதற்குக் கையெழுத்திட எவரும் எளிதில் முன்வருவதில்லை. வீடு கட்டும் நம் உறுப்பினர்கள் தம் பணியிடத்து வருகைக் குறிப்பேட்டை ஒழுங்காக வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகார்க் குடும்பங்கள் சட் பூசைக்கு நீர்நிலை கேட்டன. குடிநீர் ஊருணியில் கால் நனைப்பதில்லை என்பது நம் வழக்கமாதலால், பெரியவர்கள் கலந்து பேசிக் குளிக்கும் ஊருணியின் படித்துறையைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். மாலையில் மறையும் கதிரவனுக்கும் மறுநாள் விடியலில் எழும் கதிரவனுக்கும் அவர்கள் நீர் வார்த்ததைக் காண நம் தெருவாரும் வந்திருந்தனர். தைப் பொங்கலன்று கதிரவன் முன் பானை வைக்கும் நமக்கு அதில் புரியாதது எதுவுமில்லை. 2023 மார்ச்சில் போலிக் காணொலிகள் பரவி, இங்கே தம்மைத் தாக்குகிறார்கள் என்று அஞ்சித் தொழிலாளர் பலர் ஊர் திரும்பியதை நினைத்துப் பார்த்தால், இத்தகைய அறிமுகம் எவ்வளவு தேவையானது என்பது விளங்கும்.

பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. மாலை நேரத் தமிழ் வகுப்பு மட்டும் போதிய ஆசிரியர் இன்மையால் இடையில் நின்றது. வேலை இடம் மாறும்போது பள்ளியை விட்டுவிடும் தொழிலாளர் பிள்ளைகளுக்காக அதை மீண்டும் தொடங்கியாக வேண்டும்.

எனவே, சட்ட உதவி முகாமை மூன்று மாதத்துக்கொரு முறை நடத்தவும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கொண்டு மாலை வகுப்பை ஆனி மாதத்துக்குள் தொடங்கவும், ஆவணச் செலவுக்கெனத் தனி நிதி ஒதுக்கவும் செயற்குழு மூன்று தீர்மானங்களைப் பரிந்துரைக்கிறது. அவற்றை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டு, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
காரைக்குடி