2001 செப்டம்பரில் எழுதிய சட்டம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சோமாலியாவில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசிய செய்தியைப் படித்துவிட்டு, போர் தொடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்று அரசியல் சட்டம் சொல்லும் நாட்டில் இதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தாய். அதற்கான பதில், நீ பிறப்பதற்கு முன்பு, 2001 செப்டம்பரில் இருக்கிறது.

ஏறத்தாழ 3,000 உயிர்களைப் பறித்த செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்றே நாளில், ராணுவ பலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட் சபையில் 98க்கு 0 என்றும், பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1 என்றும் நிறைவேறியது. தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், அவர்களுக்கு அடைக்கலம் தந்தவர்கள் என்று அதிபர் தீர்மானிக்கும் நாடுகள், அமைப்புகள், தனிமனிதர்கள் அனைவர்மீதும் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். ஆங்கிலத்தில் அந்த மையப் பகுதி 60 சொற்கள்தான். அதில் போர் நடக்கும் இடத்துக்கு எல்லை இல்லை. அனுமதி முடியும் நாளும் இல்லை.

எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. நாம் கண்டிக்கும் தீமையாக நாமே மாறிவிடக் கூடாது என்று, ஒரு மதகுருவின் சொற்களை நினைவூட்டி அவர் சபையில் பேசினார். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. துயரத்தில் இருந்த நாட்டைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் அந்த நாளில் அவரிடம் இருந்த நிதானத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

பின்னர் நடந்ததைப் பார். அந்தத் தாக்குதலை நடத்திய அல் கொய்தாவுக்கும் அதற்கு அடைக்கலம் தந்தவர்களுக்கும் எதிராக எழுதப்பட்ட அனுமதி, அல் கொய்தாவின் 'சார்பு அமைப்புகளும்' அதில் அடங்கும் என்ற விளக்கத்தின் வழியே ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் நீண்டது. அல் கொய்தாவுடன் பகைத்துப் பிரிந்துபோன ஐ.எஸ். அமைப்புக்கு எதிராக 2014இல் ஒபாமா அரசு போரில் இறங்கியபோதும் இதே சட்டத்தைத்தான் காட்டியது. கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் மனிதர்களை அடைத்து வைப்பதற்கும் இதுவே ஆதாரமாயிற்று. புஷ் முதல் இன்றுவரை, எந்தக் கட்சியின் அதிபரும் இந்த அதிகாரத்தைக் கைவிடவில்லை.

உள்நாட்டிலும் அந்த அச்சம் நிலைத்த உருவம் பெற்றது. அதுவரை நீதித் துறையின் கீழ் இருந்த குடியேற்ற நிர்வாகம், 2003 மார்ச்சில் புதிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் கொண்டுவரப்பட்டது. குடியேறிகளைப் பிடித்து நாடுகடத்துவதாக இன்று செய்திகளில் அடிபடும் 'ஐஸ்' முகமை பிறந்தது அப்போதுதான். பிழைப்புத் தேடி வந்தவரின் விண்ணப்பமும் பயங்கரவாதத் தடுப்பும் ஒரே கூரையின்கீழ் வந்ததன் விளைவை அந்நாட்டுக் குடியேறிகள் இன்றும் சுமக்கிறார்கள்.

ஆப்கானிஸ்தான் போர் 2021 ஆகஸ்டில் முடிந்தது; அதற்கு அனுமதி தந்த சட்டம் முடியவில்லை. 2017இல் அதற்கு முடிவு தேதி குறிக்கும் பார்பரா லீயின் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு வருமுன்பே அத்திருத்தம் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது.

அன்புடன்,
உன் அண்ணன்