அண்ணே, அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது

அண்ணே,

2025 டிசம்பர் 26 ராத்திரி மலேசியாவோட முன்னாள் பிரதமர் நஜிப் மேல போட்ட 1எம்டிபி வழக்குல, அதான் அந்த அரசாங்க முதலீட்டு நிதி ஊழல் வழக்குல, தீர்ப்பு வந்தப்போ உன்னத்தான் நெனச்சேன். 25 குற்றச்சாட்டு, ஒண்ணு விடாம எல்லாத்துலயும் குற்றவாளி, 15 வருஷம். அஞ்சாறு தடவ போன எடுத்து உன் பேர் வரைக்கும் போயிட்டு திரும்ப வெச்சிட்டேன். பேசுனா சண்டையிலதான் முடியும், அதான் எழுதுறேன்.

2022 ஆகஸ்ட் 23 தான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. எஸ்ஆர்சிங்கிற அரசாங்கக் கம்பெனி வழக்குல கூட்டரசு நீதிமன்றம் நஜிப்போட அப்பீல தள்ளுபடி பண்ணி அன்னிக்கே காஜாங் ஜெயிலுக்குக் கொண்டு போனாங்க. நீ ஹால்ல நஜிப் ஆளுங்களோட அந்த 'மாலு அபா போஸ்கு' ("என்ன வெக்கம் முதலாளி") டீசர்ட்டோட உக்காந்து போனையே பாத்துக்கிட்டிருந்த, அண்ணி வெச்ச தேத்தண்ணி ஆறி ஏடு கட்டிருச்சு, நீ சட்ட நுனியால ஸ்கிரீனத் தொடச்சிக்கிட்டே இருந்த, அப்புறம்தான் பாத்தேன், விழுந்தது உன் கண்ணுத்தண்ணி. நான் சிரிச்சேன். உன் பசங்க முன்னாடி சத்தமா சிரிச்சு, "முதலாளி உள்ள போயிட்டாரு"ன்னு வேற சொன்னேன். நீ ஒண்ணும் பேசாம எந்திரிச்சு பின்கட்டுக்குப் போயிட்ட.

தப்புதான்ணே. மன்னிச்சிரு. ஆனா அப்பா ஆயுசு பூரா அரசாங்க ஆஸ்பத்திரில வேல பாத்தவரு. அவர மாதிரி ஊழியருங்களோட ஓய்வூதிய நிதிலருந்துதான் எஸ்ஆர்சிக்கு 400 கோடி வெள்ளி கடன் போச்சு, அந்தக் கம்பெனி பணத்துல 4 கோடியே 20 லட்சம் நஜிப்போட சொந்தக் கணக்குல ஏறுச்சுன்னு மூணு கோர்ட்டும் சொல்லிருச்சு. அத எத்தன தடவ சொன்னாலும் "எவன்தான் எடுக்கல, இவரு நமக்கும் குடுத்தாரு"ன்னு முடிச்சிருவ. அப்பாவ நெனச்சாவது உனக்குக் கோவம் வந்திருக்கணும். நஜிப் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வரி போட்டப்ப ராத்திரியெல்லாம் கடைக் கணக்கு எழுதி கண்ணெரியுதுன்னு புலம்புனதும் நீதானே?

உனக்கு அவர ஏன் புடிக்கும்னு தெரியாத மாதிரியே பேசுனேன் பாரு, அது சிரிச்சதவிட மோசம். பத்துமலைக்குத் தைப்பூசத்துக்கு வந்தாரு, நம்மாளுங்க முன்னாடி நின்னு "நம்பிக்கை"ன்னு தமிழ்லயே சொன்னாரு. "ஒரு பிரதமர் வாயால நம்ம வார்த்தையக் கேட்டுட்டேன்டா"ன்னு நீ சொன்னப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த ஆசைய எப்படிண்ணே குறை சொல்றது? அத வாங்கிக்கிட்டு அவரு செஞ்சதத்தான் என்னால மன்னிக்க முடியல.

2024ல அவரோட 12 வருஷத் தண்டனைய மன்னிப்பு வாரியம் பாதியாக் குறைச்சப்போ நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ நேத்துதான் தொறந்தேன். ஜெயிச்சுட்டேன்னு நீ குத்திக் காட்டியிருப்பன்னு நெனச்சு இத்தன நாளா தொடவே இல்ல. "சாப்ட்டியா தம்பி"ன்னு மட்டும் கேட்டிருக்க.

பொங்கலுக்கு வர்றேன். அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. அண்ணிகிட்ட சொல்லி வெய்யி.