இறுதியாண்டு வயலின் கச்சேரிக்கு ஒரு வரி இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைத் தினமும் ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். கோயில் உபன்யாசம், பட்டிமன்றம், நூல் வெளியீடு, ரத்ததான முகாம் எல்லாம் அதில் வருகின்றன. இசைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் வாசிக்கும் கச்சேரி மட்டும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

என் மகள் சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் வயலின் படித்தாள். போன ஏப்ரலில் அவளுடைய இறுதியாண்டுக் கச்சேரி நடந்தது. வாய்ப்பாட்டு படிக்கும் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே நவராத்திரி கொலு, கோயில் உற்சவம் என்று எங்கேயாவது நடுவில் உட்கார்ந்து பாட ஒரு வாய்ப்பு வந்துவிடும். வயலின்காரிக்கு அப்படி இல்லை. எங்கே கூப்பிட்டாலும் பாடுகிறவருக்குப் பக்கத்தில்தான் இடம். ஆண் பாடினால் சுருதி ஒரு கட்டை, பெண் பாடினால் ஐந்து, ஐந்தரை. அதற்குத் தக்கபடி தந்தியைத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். என்ன ராகம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. பக்கவாத்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்னொருவர் மனதில் ஓடுவதை அடுத்த நொடியே வில்லில் கொண்டுவருவது லேசான காரியமா? ஆனால் என்ன வாசிப்பது, எங்கே நிறுத்துவது என்று அவளே தீர்மானிக்கும் நாள், நான்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. பாட்டு டீச்சர் வீட்டுத் திண்ணையில் ஒன்பது வருடம் அவளுக்காகக் காத்திருந்து காதில் விழுந்ததுதான் என் ஞானம். அந்தத் திண்ணையில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். வயலினில் வார்த்தை வராது, ஆனாலும் டீச்சர் ஒவ்வொரு கிருதியையும் முதலில் வாயால் பாட வைப்பார். "சாகித்யம் தெரியாம வாசிச்சா வில்லு தப்பான எடத்துல திரும்பும்டி. வார்த்தை நடுவுல மூச்சு விடுவியா நீ?" என்பார். சாகித்யம் என்றால் பாட்டின் வார்த்தைகள். வார்த்தை முடியும் இடத்தில் வில் திரும்ப வேண்டும், பாதியில் அறுக்கக் கூடாது. கேட்பவருக்குத் தெரியவே தெரியாத இந்த ஒன்றுக்காக என் பெண் எத்தனை பாட்டை மனப்பாடம் செய்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். இடது கை விரல் நுனிகளில் தந்தி பதிந்த கோடுகள் இன்னும் இருக்கின்றன.

கச்சேரி நாளன்று, பெரிய ஹாலில் வேறு விழா என்று மாடியில் ஒரு வகுப்பறைக்கு மாற்றிவிட்டார்கள். கேட்க இருந்தவர்கள் தேர்வாளர்கள் இருவர், அவளுடைய ஆசிரியை, அரை நாள் லீவு போட்டு வந்த என் கணவர், நான், பக்கத்து வீட்டுப் பாட்டி. அவ்வளவுதான். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள்கூட உள்ளே வரக் கூடாதாம், தேர்வு என்று.

பைரவி வர்ணத்தில் ஆரம்பித்தாள். அப்புறம் தோடி. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, பாடுவதே கஷ்டம் என்பார்கள். வீணைபோல மெட்டு இல்லாத இந்த வாத்தியத்தில் விரலை ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைத்துத்தான் அதைப் பிறப்பிக்க வேண்டும், மயிரிழை தவறினாலும் அபஸ்வரம். ஆலாபனை நடுவில் ஏ.சி. குளிருக்குத் தந்தியை முறுக்கும் பிரடை தளர்ந்து மேல் தந்தி இறங்கிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் நிறுத்தவில்லை. மந்த்ர பஞ்சமத்தில், அதாவது கீழ் 'ப' தந்தியில், வில்லை நீளமாக இழுத்துக்கொண்டே இடது கையால் பிரடையைத் திருகிச் சேர்த்துவிட்டு, விட்ட இடத்திலேயே மேலே ஏறினாள். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த இரண்டு நிமிடத்தில் ஒரு தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்து, "போதும்மா, பல்லவிக்குப் போ" என்றார். அன்றைக்கு இன்னும் ஐந்து பேர் பாக்கி என்பதால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு பெண் முதல்முறையாகத் தன் மனம் போல் விரித்த ராகம் அங்கேயே சுருட்டப்பட்டதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை. எதிரே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு சுலபமாக நிறுத்தச் சொல்லியிருப்பார்களா?

வெளிநாட்டிலிருந்து வந்த இந்த வாத்தியத்தை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் யானைத் தந்தத்தால் ஆன வயலினே பரிசளித்தார். அப்படி மரியாதை பெற்ற வாத்தியம் மேடையின் நடுவுக்கு வரத் துவாரம் வெங்கடசாமி நாயுடு போன்றவர்கள் தனிக் கச்சேரி செய்து ஜனங்களைக் கேட்க வைக்க வேண்டியிருந்தது. லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன் தனியாக வாசித்தபோது சபாக்கள் நிறைந்தன. பெண்களுக்கு இன்னும் தாமதம். துவாரம் 1941இல் மியூசிக் அகாடமி மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். ஒரு பெண் வயலின் கலைஞருக்கு, ஏ. கன்யாகுமரி அம்மாவுக்கு, அந்தத் தலைமைக்கு உரிய சங்கீத கலாநிதி விருது கிடைத்தது 2016இல். நடுவே எழுபத்தைந்து வருடம். பெண் பக்கவாத்தியமே வேண்டாம் என்று சொன்ன வித்வான்கள் இருந்த ஊர் இது என்பதையும் மறக்க முடியவில்லை.

கல்லூரிகள் இந்தக் கச்சேரியை மாலை நேரத்தில், கதவைத் திறந்து வைத்து நடத்தலாம். மதிப்பெண் போடுகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளட்டும், பின்னால் ஜனங்கள் கேட்கட்டும். டிசம்பர் சீசனில் மதியம் இலவசக் கச்சேரி வைக்கும் சபாக்கள், படிப்பு முடித்த வயலின் பிள்ளைகளுக்கு அதில் ஒரு நாளாவது தனிக் கச்சேரி தரலாம். உங்களிடம் நான் கேட்பது ஒரு வரிதான்: இடம், நேரம், 'வயலின் தனிக் கச்சேரி, அனுமதி இலவசம்'. பேப்பரில் பார்த்துவிட்டுக் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக வருகிற பெரியவர்கள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள்.

என் மகள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். மாலையில் பக்கவாத்தியத்துக்குப் போகிறாள். கல்லூரியில் அவளுக்கு அடுத்த வகுப்பில் வயலின் படிக்கும் பெண்கள் மூன்று பேர். வரும் ஏப்ரலில் அவர்கள் முறை. தேதி தெரிந்ததும் உங்கள் அலுவலகத்துக்கு அஞ்சலட்டை போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயலின் மாணவியின் தாய்,
மேற்கு மாம்பலம், சென்னை