பாலத்தை அளக்கும் முன் ஆதார நிலையத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட பாலங்களின் அசைவைச் செயற்கைக்கோள் ரிசீவர்களைக் கொண்டு அளப்பது பற்றிய செய்திகளில் ஆண்டெனாக்களின் எண்ணிக்கையும் 'மில்லிமீட்டர் துல்லியம்' என்ற சொல்லும் தவறாமல் வந்துவிடுகின்றன. அந்த மில்லிமீட்டர் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது என்பது மட்டும் வருவதில்லை. அளவீட்டின் தரம் பெரும்பாலும் அந்தப் புள்ளியைப் பொறுத்தது என்பதால் இதை எழுதுகிறோம்.

கைபேசி காட்டும் இருப்பிடத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். பாலத்துக்கான ரிசீவர் வேறு வழியில் இயங்குகிறது. செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலையின் கட்டத்தையே, அதாவது ஒரு முழு அலையின் எந்தப் பகுதி அந்தக் கணத்தில் வந்துசேர்கிறது என்பதையே, அது அளக்கிறது. ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. அதில் நூற்றில் ஒரு பங்கைப் பிரித்தறிய முடிவதால் மில்லிமீட்டர் அளவு கைக்கு எட்டுகிறது. ஆனால் செயற்கைக்கோளுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே எத்தனை முழு அலைகள் உள்ளன என்பதைக் கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முழு எண் தவறினால் விடை சில சென்டிமீட்டர் முதல் பல பத்து சென்டிமீட்டர் வரை தாவும். கோபுரமோ கேபிளோ உயரமான லாரியோ ஒரு நொடி மறைத்தாலும் எண்ணிக்கை அறுபட்டுவிடலாம். வரைபடத்தில் படிக்கட்டுபோல் திடீரென்று ஏறி, சில நிமிடங்கள் அப்படியே நின்று, மறுபடி பழைய இடத்துக்கு இறங்கும் கோட்டைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இரும்பு அப்படி நகர்வதில்லை.

பாலத்தில் உள்ள ரிசீவர் தனியாக இந்தத் துல்லியத்தைத் தராது. அசையாத நிலத்தில் இன்னொரு ரிசீவர், அதாவது ஆதார நிலையம், அதே செயற்கைக்கோள்களை அதே கணத்தில் அளக்கிறது. இரண்டையும் கழிக்கும்போது கடிகாரப் பிழையும், சுற்றுப்பாதை, வளிமண்டலப் பிழைகளின் பெரும்பகுதியும் நீங்குகின்றன. மிஞ்சுவது அந்த ஆதாரப் புள்ளியிலிருந்து பாலம் இருக்கும் தொலைவும் திசையும். ஆகவே ஆதாரப் புள்ளி 4 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் பாலம் முழுவதும் 4 மில்லிமீட்டர் எழும்பியதாகக் கணினி சொல்லும். பாலத்தின் அலுவலகக் கட்டடக் கூரையில் ஆதார ஆண்டெனாவை வைப்பது வசதியானது, அதனால்தான் பலரும் அப்படிச் செய்கிறார்கள். கூரை வெயிலில் விரியும், கட்டடம் பருவத்துக்குப் பருவம் இறங்கி ஏறும், ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ மண் கொட்டி உயர்த்திய இடமானால் ஆண்டுக்கணக்கில் அமிழும். பாறையில், அல்லது ஆழமாக இறக்கிய தூணின் மேல், பாலத்திலிருந்து 1 முதல் 3 கிலோமீட்டருக்குள், வானம் திறந்த இடத்தில் வையுங்கள். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவையும் உயர வேறுபாட்டையும் இடைவிடாமல் அளந்துவந்தால் அவற்றில் ஒன்று நகரத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இது.

பாலத்தின் மேலே வரும் ஆண்டெனாவை கைப்பிடிக் கம்பியிலோ விளக்குக் கம்பத்திலோ கட்டினால் அந்தக் கம்பத்தின் ஆட்டம்தான் பதிவாகும். முதன்மை கேபிளைச் சுற்றிய இரும்புப் பட்டை, கோபுர உச்சி, பாலத்தளத்தின் முதன்மை உத்திரம் ஆகியவையே பொருத்தமான இடங்கள். பறவை வந்து அமராதபடி உச்சியில் முள்ளும், கேபிள் வழியில் இடி தாங்கியும் அவசியம். உப்புக்காற்றில் ஆண்டெனா கேபிளின் இணைப்பு முனைக்குள் ஈரம் புகுவதே மிக அடிக்கடி நேரும் பழுது. அப்போது சிக்னலின் வலு ஒரேயடியாகப் போகாது, வாரக்கணக்கில் மெல்லக் குறையும்.

பாலத்தில் நிற்கும் இரும்பெல்லாம் அலையை எதிரொளிக்கும். நேராக வரும் அலையோடு எதிரொளித்த அலையும் சேரும்போது, ஆண்டெனா அசையாமல் இருந்தாலும் சென்டிமீட்டர் வரை ஆடுவதுபோல் தோன்றும். இந்தப் போலி ஆட்டத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வருவதால், ஆட்டமும் நாளுக்கு 4 நிமிடம் முந்தியபடி அதே வடிவில் திரும்ப வரும். முந்தைய நாட்களின் வடிவத்தை எடுத்துக் கழித்தால் பெரும்பகுதி நீங்கும். ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ செயற்கைக்கோள்களுக்கு இந்தச் சுழற்சி வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கைப் போட்டால் புதிய பிழையை நாமே சேர்க்கிறோம். கடந்துபோகும் லாரியின் பக்கத்திலிருந்து வரும் எதிரொளிப்புக்கு இந்த வழியும் உதவாது.

உயர அளவு எப்போதும் கிடைமட்ட அளவைவிடப் பலவீனமானது, ஏனெனில் செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன. கோபுர உச்சி ஆதார நிலையத்தைவிட 200 மீட்டர் உயரத்தில் இருந்தால் இடைப்பட்ட காற்று மட்டுமே, தலைக்கு நேரே வரும் அலையில், 5 செ.மீ. அளவுக்கு வேறுபாட்டை உண்டாக்கும். கணக்கிட்டுத் திருத்தினாலும் ஈரப்பதத்தால் கொஞ்சம் மிஞ்சும். புவிக் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நாடுகளில் சூரியன் மறைந்த பிறகு, மின்னூட்டம் பெற்ற மேல் வளிமண்டலமான அயனி மண்டலம் கலங்கி சிக்னல் அறுபடுவதும் வழக்கம். மாலையில் வரும் எச்சரிக்கையை இதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி வெப்பம். பெரிய பாலத்தின் நாளாந்த அசைவில் பெரும்பங்கு இதற்கே. உருக்கின் நீளம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு கூடும். 1400 மீட்டர் கேபிள் 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 17 செ.மீ. நீளும். கோபுரங்களுக்கு இடையிலான தூரம் மாறாததால் அந்த நீட்சி தொய்வாக மாறுகிறது. தொய்வு, கோபுரங்களுக்கு இடையிலான தூரத்தில் பத்தில் ஒன்றாக இருந்தால் பாலத்தின் நடுப்பகுதி நீட்சியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 30 செ.மீ.க்கு மேல் தாழும். பழுது ஏதுமில்லாத நல்ல பாலம் இப்படித்தான் இருக்கும். காற்றின் வெப்பத்தை மட்டும் பதிந்தால் போதாது. வெயில் படும் பக்கமும் நிழலான பக்கமும் வேறுவேறாகச் சூடாவதால் கேபிளிலும், பாலத்தளமான உருக்குப் பெட்டியின் மேல், கீழ்த் தகடுகளிலும் வெப்ப உணரிகள் தேவை.

வெப்பத்தைக் கழித்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதையே சோதனைக் கருவியாகவும் பயன்படுத்தலாம். பாலத்தளம் நகராதபடி பிணைக்கப்பட்ட புள்ளியிலிருந்து 300 மீட்டர் தள்ளியுள்ள அதன் முனை, 20 டிகிரி மாற்றத்துக்கு சுமார் 72 மில்லிமீட்டர் நகர வேண்டும். 40 மில்லிமீட்டர்தான் நகர்கிறது, அதுவும் விட்டுவிட்டு உதறலாக நகர்கிறது என்றால் தளத்தைத் தாங்கி நகரவிடும் பேரிங்கோ, அது விரிய இடம்விடும் விரிவு இணைப்போ இறுகியிருக்கிறது. முனையில் ஒரு ஆண்டெனாவும் நம்பகமான வெப்பமானிகளும் இருந்தாலே இது தெரிந்துவிடும். நடுவில் பத்து ஆண்டெனா வைத்துவிட்டு முனைகளை விட்டுவிடுவது வீண்செலவு.

ரிசீவர், காற்றுமானி, வெப்ப உணரி, வாகன எடைப் பதிவு எல்லாம் ஒரே நேரக் கணக்கில் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட இப்போது 18 நொடி முன்னால் ஓடுகிறது. பெய்டோ நேரம் ஜிபிஎஸ்ஸைவிட 14 நொடி பின்தங்கியது. ஒரு முழு ஆட்டம் சுமார் 10 நொடி எடுக்கும் பாலத்தில் 18 நொடிப் பிழை இருந்தால், எந்தக் காற்றுவீச்சு எந்த ஆட்டத்தை உண்டாக்கியது என்பதே தலைகீழாகிவிடும்.

மெதுவான, பெரிய அசைவுக்கு இந்த முறைக்கு ஈடில்லை. முடுக்கத்தை அளக்கும் ஆக்சலரோமீட்டர் வேகமான அதிர்வை நன்கு பிடிக்கும், ஆனால் பாலம் ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றுவிட்டதை அதனால் சொல்ல முடியாது. அதனால் இரண்டும் வேண்டும். ஹாங்காங்கில் சிங் மா, காப் சூயி முன், டிங் காவ் ஆகிய மூன்று பாலங்களில் 27 ஜிபிஎஸ் ரிசீவர்கள் ஏற்கெனவே இருந்த மற்ற உணரிகளோடு சேர்க்கப்பட்டன. 2020 மே 5 அன்று சீனாவின் ஹூமென் தொங்கு பாலம் பெரிதாக அலையாடியபோது காற்று புயல்வேகத்தில் வீசவில்லை. ஓரத்தில் வரிசையாக வைத்த தண்ணீர்த் தடுப்புகள் தளத்தின் காற்றியக்க வடிவத்தை மாற்றிவிட்டிருந்தன. இப்படிப்பட்ட ஆட்டத்தின் வீச்சை அந்தக் கணமே அளந்து போக்குவரத்தை நிறுத்த ரிசீவர் உதவும். தடுப்பை வைக்கலாமா என்ற கேள்விக்கு அது பதில் தராது.

40 மீட்டர் கான்கிரீட் உத்திரம் லாரிக்குச் சில மில்லிமீட்டரே வளையும். அது இந்த முறையின் இயல்பான பிழை ஆட்டத்துக்குள் மறைந்துவிடும். விரிசலும் துருவும் அதைவிடக் கடினம். 1967 டிசம்பர் 15 அன்று ஒஹாயோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்ததற்குக் காரணம், சங்கிலியின் ஒரே கண்ணிப் பட்டையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழத்தில் தொடங்கிய விரிசல். பாலத்தின் நிலையை எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் அது முன்கூட்டித் தெரிந்திருக்காது. 2015 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைப் பாலத்தை மூட வைத்த விரிசலை ஆட்கள் நேரில் ஆய்வுசெய்து பார்த்தார்கள். ரிசீவர் வந்துவிட்டது என்று காரணம் காட்டி ஏணி, தொங்குமேடை, கைவிளக்கு ஆய்வுகளின் இடைவெளியை நீட்டுவது ஆபத்தானது.

எச்சரிக்கை எல்லையை முதல் நாளே ஓர் எண்ணாக எழுதிவிடக் கூடாது. வடிவமைப்புக் கணக்கில் தொடங்கி, எல்லாப் பருவங்களையும் கடந்த ஓராண்டுப் பதிவைக் கொண்டு திருத்த வேண்டும். முடிந்தால் பாலம் திறக்கும் நாளிலிருந்தே பதிவு ஓட வேண்டும், பின்னால் வாங்க முடியாத தகவல் அது ஒன்றுதான். கணக்கிட்ட விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மூல அளவீடுகளை அழிக்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ரைனெக்ஸ் போன்ற பொது வடிவில் மூலக் கோப்புகளும், ஆண்டெனா மாற்றிய ஒவ்வொரு தேதியும், பழையது எந்த மாதிரி, புதியது எந்த மாதிரி, உயரம் எவ்வளவு மாறியது என்ற குறிப்பும், கருவி விற்ற நிறுவனத்திடம் அல்லாமல் பாலத்தை நிர்வகிப்பவரிடம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
நில அளவை, பாலப் பொறியாளர்கள் சிலர்